பார்வை கிடைத்தது

ஒரு செய்தியை அனுப்பிவிட்டு, போய்ச் சேர்ந்ததா, படித்தார்களா, படித்துவிட்டுத்தான் சும்மா இருக்கிறார்களா என்று தவிப்பது எல்லோருக்கும் உள்ள வியாதிதான். தனி மனிதருக்கு வந்தால் ஒரு நாள் தூக்கத்தோடு போய்விடும். அரசுக்கு வந்தபோது ஆறு மாடிக் கட்டடம் கட்டி, வாசலில் காவலாளியை நிறுத்தி, செய்திப் பார்வை வாரியம் என்று பலகை மாட்டிவிட்டார்கள்.

எந்த அலுவலகம் யாருக்குக் குறுஞ்செய்தி அனுப்புவதானாலும் இனி வாரியத்தின் வழியாகத்தான் அனுப்ப வேண்டும். வாரியம் அனுப்பும். பிறகு கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காத்திருக்கும். செய்தி கைப்பேசியில் போய் விழுந்ததா, ஏதாவது பட்டுத் திறந்ததா, திறந்தபின் ஒரு முகம் திரைக்கு நேராக இருந்ததா, எவ்வளவு நேரம் இருந்தது, நடுவில் கொட்டாவி வந்ததா என்பதுவரை பதிவாகும். முகம் நேராக இருந்தால் அது ஒரு பார்வை. பார்வை கிடைத்து, முகம் விலகியதும் செய்தி தானாக அழிந்துவிடும். படித்து முடித்ததை வைத்துக்கொண்டு ஜனங்கள் என்ன செய்யப்போகிறார்கள், இடத்தைத்தான் அடைக்கும் என்று வாரியம் கருதியது. செய்திக்குள் என்ன எழுதியிருக்கிறது என்பதை மட்டும் வாரியத்தில் ஒருவரும் படிப்பதில்லை. அடுத்தவர் அந்தரங்கத்தில் மூக்கை நுழைக்கிற பழக்கம் அவர்களுக்குக் கிடையாது.

இந்த விவரமெல்லாம் அந்த ஊரில் இருந்த ஒரு லிஃப்ட் மெக்கானிக்குக்குத் தெரியாது. அவருக்குத் தெரிந்ததெல்லாம் தம் மனைவிக்கு ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு செய்தி வரவேண்டும் என்பதுதான்.

மனைவி தையல்காரி. கண்ணில் புண் வந்து, மருந்து விட்டு, அந்த மருந்தும் ஒத்துக்கொள்ளாமல், இரண்டு கருவிழியும் அவித்த முட்டைபோல் வெளுத்துவிட்டன. வெளிச்சம் இருக்கிறதா இல்லையா என்பது தெரியும். வெளிச்சத்தில் யார் நிற்கிறார்கள் என்பது தெரியாது. இறந்துபோன யாராவது கண்ணைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தால் அந்தக் கருவிழியை எடுத்து இவளுக்கு வைக்கலாம் என்று டாக்டர் சொல்லி, வரிசையில் பெயர் எழுதியிருந்தார். கடைசியாக அவள் மகளைப் பார்த்தபோது அந்தக் குழந்தைக்கு முன்பல் இரண்டும் விழுந்திருந்தன. இப்போது முளைத்துவிட்ட பல்லை விரலால் தடவுவாள்.

"கொஞ்சம் எத்துப்பல்லா இருக்கோ?"

"போம்மா, அதெல்லாம் இல்ல."

"கண்ணு வரட்டும்டி. அப்புறம் சொல்றேன், எத்தா இல்லையான்னு."

மாதக்கணக்கில் செய்தி வரவில்லை. ஒரு நாள் மெக்கானிக் லீவு போட்டுவிட்டு மனைவியின் கையைப் பிடித்து ஆஸ்பத்திரிக்கே கூட்டிக்கொண்டு போனார். கவுண்டரில் இருந்த பெண் கம்ப்யூட்டரில் தேடினாள்.

"வரிசையில உங்க பேரே இல்லையேம்மா."

மெக்கானிக் கவுண்டருக்குள் தலையை நீட்டினார். "நல்லாப் பாருங்கம்மா. முன்னாடிதான் இருந்துச்சு."

"இருங்க... ஆங், முடிஞ்சவங்க பக்கத்துல இருக்கு. அட, வாழ்த்துகள்மா! உங்களுக்குத்தான் பார்வை கிடைச்சிருச்சே!"

தையல்காரி சுவரில் சுற்றிக்கொண்டிருந்த மின்விசிறியைப் பார்த்துச் சிரித்தாள். குரல் அந்தப் பக்கத்திலிருந்து வருவதாக அவளுக்குத் தோன்றியது. "எனக்கா? எப்போ?"

"போன மாசம். மூணு தடவை கிடைச்சிருக்கு."

"மூணா? எனக்கு இருக்கறதே ரெண்டு கண்ணுதானே!"

நடந்தது இதுதான். ஆஸ்பத்திரி இவளுக்கு ஏதோ செய்தி அனுப்பியிருக்கிறது. வாரியம் அதைச் சேர்ப்பித்துவிட்டு, 'பார்வை: கிடைத்தது' என்று வழக்கம்போல் பதில் அறிக்கை அனுப்பியிருக்கிறது. கண் ஆஸ்பத்திரிக் கம்ப்யூட்டரில் பார்வை என்ற கட்டம் ஏற்கெனவே ஒன்று உண்டு. அறிக்கை நேராகப் போய் அந்தக் கட்டத்தில் உட்கார்ந்துகொண்டது. பார்வை கிடைத்தவருக்கு எதற்கு ஆபரேஷன் என்று கம்ப்யூட்டர் அவளை வரிசையிலிருந்து தூக்கிவிட்டது. மொட்டைத்தலைக்கும் முழங்காலுக்கும் இவ்வளவு இறுக்கமாக முடிச்சுப் போட மனிதர்களால் முடியாது. வாரியம் வந்த வருடத்திலிருந்து கத்தி படாமலே நிறையப் பேருக்குப் பார்வை கிடைத்திருப்பதாக ஆஸ்பத்திரி ஆண்டறிக்கையில் இருக்கிறது. அதற்காகத் தலைமை டாக்டருக்கு ஒரு பதக்கமும் கொடுத்திருக்கிறார்கள்.

"இவ உங்க முன்னாடிதாம்மா நிக்கறா. கண்ணு தெரியுதா இல்லையான்னு நீங்களே பாருங்களேன்" என்றார் மெக்கானிக்.

"நான் பாக்கறது கணக்குல வராது சார். வாரியம் சொன்னாத்தான் கணக்கு."

"சரி, அந்தச் செய்தியில என்னதான் எழுதியிருந்தீங்க? அதையாவது சொல்லுங்க."

"வாரியத்துக்கு அனுப்பினதும் எங்ககிட்ட அழிஞ்சுரும் சார். ஒரே செய்தி ரெண்டு இடத்துல இருக்கக் கூடாது."

"ஒரு போன் போட்டிருக்கலாமேம்மா."

அந்தப் பெண் அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினாள். "போன் பண்ணினா மெமோ குடுக்கறாங்க சார். செய்தி மேல நம்பிக்கை இல்லைன்னு அர்த்தமாம். நீங்க வாரியத்துக்குப் போய் பார்வை ரத்து வாங்கிட்டு வாங்க. உடனே மறுபடி சேத்துடறேன்."

வெளியே வந்ததும் தையல்காரி கணவரின் சட்டைக் கையை இழுத்தாள். "ஏங்க, பார்வை ரத்துங்கறாங்களே. இருக்கற வெளிச்சத்தையும் புடுங்கிட மாட்டாங்களே?"

வாரியத்தில் லிஃப்ட் ஓடவில்லை. நின்று எத்தனை நாளாயிற்று என்று மெக்கானிக் காவலாளியிடம் கேட்டார். லிஃப்ட் கம்பெனிக்குச் செய்தி அனுப்பியாகிவிட்டது, பார்வையும் கிடைத்துவிட்டது, ஆகவே அந்தப் பிரச்சினை தீர்ந்தது என்று காவலாளி சொன்னார். மெக்கானிக் ஒவ்வொரு படியாகச் சொல்லிச் சொல்லி மனைவியை நாலாவது மாடிக்கு ஏற்றினார். அங்கேதான் பார்வைக் கணக்கு அதிகாரி இருந்தார். அவருடைய கைப்பேசி மேசையில் குப்புறக் கிடந்தது. தம்மிடமிருந்து யாரும் சும்மா ஒரு பார்வை தட்டிக்கொண்டு போய்விடக் கூடாது என்பதில் அவர் கவனமாக இருந்தார்.

அதிகாரி பதிவைத் திறந்ததும் முகம் மலர்ந்துபோனார். "அடடா! இப்படி ஒரு ஈடுபாட்டை நான் சர்வீஸ்லயே கண்டதில்லைங்க. முதல் ரெண்டு தடவையும், திரைக்கு ரொம்பப் பக்கத்துல முகத்தை வச்சு, அசையாம, ஒரு மணி நேரத்துக்கு மேல படிச்சிருக்கீங்க. சொட்டு சொட்டா ஈரம்கூடப் பட்டிருக்கு. அழுதுக்கிட்டே படிச்சீங்களா?"

மெக்கானிக் யோசித்தார். பிறகு தலையில் கை வைத்துக்கொண்டார். ஆஸ்பத்திரியில் கொடுத்திருந்தது அவருடைய கைப்பேசி எண்தான். லிஃப்ட் குழிக்குள் இறங்கினால் இரண்டு கைக்கும் வேலை இருக்கும். கைப்பேசியில் விளக்கைப் போட்டு, அதைப் பல்லில் கடித்துக்கொண்டுதான் இறங்குவார். திரை மூக்குக்கு நேராக இருக்கும். கன்னமோ தாடையோ பட்டுச் செய்தி திறந்திருக்க வேண்டும்.

"அது எச்சில் சார்" என்றார்.

"எதுவா இருந்தாலும் ஈடுபாடுதானே. மூணாவது தடவை வீட்டுல நடந்திருக்கு. அம்மா, செய்தி வந்தப்ப நீங்க என்ன பண்ணீங்க?"

தையல்காரி ஒளிவுமறைவில்லாமல் சொன்னாள். "சார்ஜ் போட்டிருந்தாரு சார். டிங்குன்னு சத்தம் கேட்டுச்சு. குனிஞ்சு தடவிப் பாத்தேன், ஒண்ணும் புரியல. இவர் குளிச்சிட்டு வந்ததும் கேட்டுப் பாத்தேன். இவர் எடுக்கறப்ப அதுல ஒண்ணுமே இல்ல."

"தடவிப் பாத்தீங்க. கேட்டுப் பாத்தீங்க." அதிகாரி கம்ப்யூட்டரில் தட்டிக்கொண்டார். "ஏற்கெனவே மூணு. இது ரெண்டு. ஆக அஞ்சு பார்வை."

"ஐயோ! அது பேச்சுக்குச் சொல்றது சார்!"

"வாக்குமூலம்னாலே பேச்சுதானேம்மா?"

"சார், கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க..." என்று மெக்கானிக் ஆரம்பித்தார்.

அதிகாரி கையை உயர்த்தித் தடுத்தார். "எங்களைப் பாக்கச் சொல்லாதீங்க. நாங்க பாக்கறவங்க இல்ல. பாக்கறவங்களைப் பாக்கறவங்க. இப்ப உங்களுக்கு என்ன வேணும்?"

"ரத்து வேணும் சார். அந்தச் செய்தியை நாங்க பாக்கல."

"எந்தச் செய்தியை?"

"அதுதான் சார், அதுல என்ன இருந்துச்சுன்னு தெரியாது."

"என்னன்னே தெரியாத ஒண்ணைப் பாக்கலைன்னு எப்படி அடிச்சுச் சொல்றீங்க? அதுல இருந்ததை ஒரு வரி சொல்லுங்க. இதைத்தான் பாக்கலைன்னு நான் முடிச்சுக் குடுத்துடறேன்."

"இருந்ததைச் சொல்லிட்டா நாங்க பாத்ததா ஆயிடுமே சார்?"

"ஆமா, ஆயிடும்" என்று அதிகாரி ஒப்புக்கொண்டார். அவர் நேர்மையானவர். "வேணும்னா ஒண்ணு பண்ணுங்க. முறையீட்டை வாரியத்துக்கு ஒரு செய்தியா அனுப்புங்க."

"அனுப்பினாப் பாப்பீங்களா?"

"மாட்டோம். நாங்க திறந்தா அனுப்பினவருக்குப் பார்வை ஏறிடும். வாரியமே அடுத்தவங்க கணக்கை ஏத்திவிடலாமா? நாலு பேர் என்ன சொல்லுவாங்க?"

கல்லில் நார் உரிக்கிற காரியம் என்று தெரிந்தும் மெக்கானிக் விடவில்லை. மறுபடியும் மனைவியோடு ஆஸ்பத்திரிக்கு ஓடினார். வரிசையில் பெயர் எழுதிய அதே டாக்டரைப் பிடித்தார். டாக்டர் நல்லவர். மனைவியின் கண்ணில் வெளிச்சம் அடித்துப் பார்த்துவிட்டு, 'இவருக்குப் பார்வை இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, முத்திரையும் குத்திக் கொடுத்தார். அதை எடுத்துக்கொண்டு மெக்கானிக் மூச்சு வாங்க நாலு மாடி ஏறினார். இம்முறை அதிகாரிக்குக் கோபம் வந்துவிட்டது.

"பார்வை இல்லையா? அஞ்சு பார்வை இருக்கு! இல்லைன்னு சொல்றதுக்கு இந்த டாக்டர் யாரு? இது வாரியத்தோட பார்வை. நாளைக்கு இன்னொரு டாக்டர் வந்து மொத்த ஊருக்கும் பார்வை இல்லைன்னு எழுதிக் குடுப்பாரு. எங்க நிலைமை என்ன ஆகறது?"

மெக்கானிக்குக்குக் கண் கலங்கிவிட்டது. அதைப் பார்த்து அதிகாரிக்கு மனசு இளகியது. உண்மையாகவே இளகியது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

"இங்க பாருங்க. ரத்து பண்ற அதிகாரம் தலைவர் ஐயாவுக்கு மட்டும்தான் உண்டு. அவரைப் பாக்கறது குதிரைக்கொம்பு. ஆனா வர்ற வெள்ளிக்கிழமை ஆண்டு விழா. ஆண்டின் சிறந்த பார்வையாளர் விருதுக்கு உங்க வீட்டம்மா பேரைத்தான் குடுத்திருக்கேன். வேற யாரும் கிட்டவே வர முடியல. மேடைக்கு வாங்க, விருதை வாங்கிக்குங்க, அப்படியே ரத்து மனுவை நீட்டிருங்க. எல்லாரும் பாக்கற இடத்துல ஐயா இல்லைன்னு சொல்ல மாட்டாரு."

வீட்டுக்கு வந்து சொன்னதும் தையல்காரி, "கண்ணு தெரியாதவளுக்குப் பார்வையாளர் விருதா? ஊரே சிரிக்குமே" என்றாள்.

"சிரிச்சிட்டுப் போகட்டும். கையெழுத்து கிடைச்சா போதும்."

"கிடைக்குமாங்க?"

"கிடைக்கும்" என்றார் மெக்கானிக். நாலு மாடி ஏறி இறங்கின கால் வலியைத் தவிர அதற்கு அவரிடம் வேறு ஆதாரம் இல்லை.

விழா மண்டபம் நிரம்பியிருந்தது. எல்லோருக்கும் அழைப்புச் செய்தி போயிருந்தது. பார்த்துவிட்டு வராமலிருந்தால் அடுத்த மாதச் சம்பளத்தில் தெரியும் என்பது ஊழியர்களுக்குத் தெரியும். தையல்காரியைக் கைத்தாங்கலாக மேடையேற்றி நாற்காலியில் உட்காரவைத்தார் மெக்கானிக். அவரும் பக்கத்திலேயே டாக்டர் சீட்டு சேர்த்த மனுவோடு நின்றுகொண்டார். தலைவர் ஒலிபெருக்கி முன்னால் வந்தார்.

"அந்தக் காலத்துல ஒரு செய்தி அனுப்பினா கிணத்துல போட்ட கல்லு மாதிரி. சத்தமே இருக்காது. இன்னிக்கு? கல்லு எப்ப விழுந்துச்சு, எவ்வளவு ஆழம் போச்சு, எத்தனை சொட்டுத் தண்ணி தெறிச்சுது, எல்லாம் நம்ம கையில இருக்கு. கல்லை எதுக்குப் போட்டோம்னு சில பேர் கேக்கறாங்க. அது நம்ம இலாகா இல்லைங்க!"

கைதட்டல் எழுந்தது.

"போன மழையில ஆத்தோரத்து ஜனங்களுக்கு வெள்ள எச்சரிக்கை அனுப்பினோம். நூத்துக்கு நூறு பார்வை! ஒருத்தர் பாக்கி இல்ல. எந்தப் பக்கமா ஓடறதுன்னு அதுல எழுத அந்த இலாகா மறந்துட்டாங்களாம். நாம என்ன பண்ண முடியும்? தண்ணி இடுப்புக்கு வந்தப்புறமும் செல்லைத் தூக்கிப் புடிச்சுப் பாத்துக்கிட்டே நின்னாங்களே அந்த ஜனங்க, அவங்களை இந்த நேரத்துல நான் வணங்கறேன். அந்த ஈடுபாடு, அந்த ஈடுபாடுதான் நமக்குச் சோறு போடுது."

சிலர் எழுந்து நின்றே தட்டினார்கள். பிறகு விருதின் பெயர் அறிவிக்கப்பட்டது. தையல்காரியை எழுப்பி நிறுத்தினார்கள். தலைவர் கேடயத்தை அவள் வலப்பக்கம் நீட்ட, அவள் இடப்பக்கம் கையை நீட்டினாள். மெக்கானிக் குறுக்கே புகுந்து கேடயத்தை வாங்கி அவள் கையில் வைத்துவிட்டு, மனுவைத் தலைவரிடம் நீட்டினார்.

"ஐயா, ஒரு கையெழுத்துங்க. இவளுக்குப் பார்வை இல்லைங்க. ரத்து பண்ணினாத்தான் ஆஸ்பத்திரியில சேத்துப்பாங்க. கும்புடறேங்க."

தலைவர் மனுவைப் பார்த்தார். கேடயத்தையும் பார்த்தார். "ஏம்ப்பா, கேடயத்தைக் கையில குடுத்த பிற்பாடு ரத்தா? விருது வாங்கின பார்வையை ரத்து பண்ணினா விருதுக்கு என்ன மரியாதை?" என்று சிரித்துக்கொண்டே சொல்லி, மனுவை நாலாக மடித்து மெக்கானிக்கின் சட்டைப்பையிலேயே வைத்து, தோளில் கை போட்டுத் தட்டிக் கொடுத்தார். பெரியவர் தோளில் கை போட்டதைப் பார்த்துக் கூட்டம் மறுபடி தட்டியது.

அப்போதுதான் நிகழ்ச்சித் தொகுப்பாளினி ஓர் இன்ப அதிர்ச்சி இருப்பதாக அறிவித்தாள். வாரியம் செய்திகளின் உள்ளடக்கத்தை ஒருபோதும் வெளியிடுவதில்லை. ஆனால் இது விருது பெற்ற செய்தி. ஆகவே வரலாற்றில் முதன்முறையாக, அம்மா இவ்வளவு ஆழ்ந்து படித்த அந்தச் செய்தியை அவைக்காக வாசிக்கப்போகிறார்கள். மூன்று முறையும் போனது ஒரே செய்திதானாம்; அவசரம் என்பதால் வாரியம் அன்றைக்கே திரும்பத் திரும்ப அனுப்பியதாம். ஆழத்தில் இருந்த ஏதோ ஒரு கம்ப்யூட்டரிலிருந்து தோண்டி எடுத்திருந்தார்கள். தொகுப்பாளினி குரலில் தேன் குழைத்து வாசித்தாள்.

"வணக்கம். உங்களுக்கான கருவிழி வந்துள்ளது. நாளை காலை எட்டு மணிக்குள் வெறும் வயிற்றுடன் மருத்துவமனைக்கு வரவும். வரத் தவறினால் அடுத்தவருக்கு அளிக்கப்படும். நன்றி."

மண்டபம் அதிரத் தட்டினார்கள். தையல்காரியின் முகம் விளக்குப் போட்டதுபோல் ஆனது. கேடயத்தைக் கணவர் கையில் திணித்துவிட்டு, நாற்காலியில் தடவிக் கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"ஏங்க, கேட்டீங்களா! வந்துருச்சாம்! வாங்க, கிளம்பலாம். பாப்பாவைப் பக்கத்து வீட்டுல விட்டுட்டு நேரா அங்கேயே போய் உக்காந்துடலாம். ராத்திரி நான் ஒண்ணும் சாப்பிடல. வெறும் வயித்தோடன்னுதானே சொன்னாங்க?"

மெக்கானிக் கேடயத்தை நாற்காலியில் வைத்தார். இதைவிட லிஃப்ட் குழியில் விழுந்து செத்திருக்கலாம் என்று நினைத்தார்.

"அது இப்ப வந்ததில்லம்மா."

"பின்ன?"

"அப்பவே வந்தது. நாம பாத்ததா சொன்னாங்களே, அது."

அவள் நின்றாள். கைப்பை தோளிலேயே இருந்தது. "அப்ப அந்தக் கண்ணு?"

"அடுத்தவங்களுக்குக் குடுத்திருப்பாங்க."

அவள் கண்ணிலிருந்து நீர் வழிந்தது. வெளுத்த விழியானாலும் அழுவதற்கு ஒரு குறையும் இல்லை. தலைவர் அதைக் கவனித்துவிட்டு ஒலிபெருக்கியைப் பிடுங்கிக்கொண்டார். "பாருங்க, பாருங்க! செய்தியைக் கேட்டதும் அம்மா கண் கலங்கிட்டாங்க! இந்தக் கண்ணையா வேலை செய்யலைன்னு ஒரு டாக்டர் எழுதிக் குடுத்தாரு?" கூட்டம் சிரித்தது. முதல் வரிசையில் பார்வைக் கணக்கு அதிகாரி ஈரத்தைத் தனியாகக் குறித்துக்கொண்டார்.

தலைவர் போய் உட்கார்ந்ததும் தொகுப்பாளினி ஒலிபெருக்கியைத் தையல்காரியின் வாயருகே கொண்டுவந்தாள். "அம்மா, இந்த மகிழ்ச்சியான நேரத்துல ஒரு வார்த்தை?"

தையல்காரி ஒலிபெருக்கி இருந்த பக்கம் சரியாகத் திரும்பினாள். "அதை இன்னொரு தடவை படிங்க" என்றாள்.

வாரியத்தின் வரலாற்றில் யாரும் ஒரு செய்தியை இரண்டாம் முறை கேட்டு வாங்கியதில்லை. தலைவரே எழுந்து நின்றுவிட்டார். தொகுப்பாளினி முன்னைவிட நிறுத்தி, உணர்ச்சியோடு வாசித்தாள். 'நாளை காலை எட்டு மணிக்குள் வெறும் வயிற்றுடன் மருத்துவமனைக்கு வரவும்' என்ற இடத்தில் தையல்காரி, கணவருக்கு மட்டும் கேட்கிற குரலில், "வந்திருப்பேனே" என்றாள்.